மரபணு ரிப்போர்ட்டை மூடிவிட்டு உள்ளங்காலைப் பாருங்கள்

எச்சிலைக் குழாயில் துப்பி கூரியரில் அனுப்பி, ‘தோல் புற்றுநோய் ஆபத்து: குறைவு’ என்று ஒரு பிடிஎஃப் வாங்கி வைத்திருக்கிறீர்களா? நம்மைப் போன்ற மலேசியத் தமிழர்களுக்கு அந்த ஒரு வரியால் பைசா பிரயோஜனம் இல்லை என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

இந்த ரிப்போர்ட்டுகளில் முதலில் பார்க்கப்படும் மரபணு எம்சி1ஆர். நிறமி செய்யும் செல்லின் மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு சுவிட்ச் அது. ஒழுங்காக வேலை செய்தால் கறுப்பு, பழுப்பு நிறமி உருவாகும். அதன் சில மாற்று வடிவங்களில் மஞ்சளும் சிவப்புமான நிறமிதான் வரும்: செம்பட்டை முடி, முகமெல்லாம் புள்ளி, வெயிலில் சிவந்து உரியும் தோல். அந்தச் சிவப்பு நிறமி வெயிலே படாமலும் கெடுதல் செய்யும் என்று 2012இல் எலிகளில் காட்டினார்கள். ஐரோப்பிய வம்சாவளியினருக்கு இது முக்கியமான சேதி. செம்பட்டை முடி தரும் அந்த வடிவங்கள் நம்மில் அபூர்வம். ஆகவே ‘குறைவு’ என்று வருகிறது. வேறு யாருக்கோ தயாரித்த கேள்வித்தாளில் நமக்கு மார்க் போட்ட கதை.

நம் வீடுகளில் அண்ணன் மாநிறம், தங்கை கறுப்பு என்று இருப்பதில் பெரிய பங்கு எஸ்எல்சி24ஏ5 என்ற மரபணுவுக்கு. 2005இல் வரிக்குதிரை மீனை வைத்துக் கண்டுபிடித்தது. ஒரே ஓர் எழுத்து மாறினால் தோல் வெளுக்கும். நிறமி செல்களின் எண்ணிக்கை எல்லா நிறத்தாருக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். அவை செய்யும் நிறமிப் பொட்டலங்களின் அளவும் பரவலும்தான் வேறு. (தோலை வெளுக்கப் பாதரச கிரீம் தடவுகிறவர்கள் அந்தப் பொட்டலத்தைத்தான் குறைக்கிறார்கள், கூடவே சிறுநீரகத்தையும் கெடுத்துக்கொள்கிறார்கள். சுகாதார அமைச்சில் பதிந்ததற்கான நோட்டிபிகேஷன் எண் இல்லாத கிரீமைத் தொடாதீர்கள்.)

சரி, நிறமி செல்லில் தொடங்கும் தோல் புற்றுநோயான மெலனோமா கறுப்புத் தோலுக்கு வரவே வராதா? வரும். ஆனால் பெரும்பாலும் வெயில் படாத இடத்தில்: உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி. பாப் மார்லிக்குக் கால்விரல் நகத்தடியில் வந்தது. 1977இல் கண்டார்கள், 1981இல் 36 வயதில் இறந்தார். இந்த வகைக் கட்டிகளில் சூரியக் கதிரின் தடயம் பெரும்பாலும் இருப்பதில்லை. நிறத்தை வைத்துக் கணக்குப் போடும் ரிப்போர்ட் இதைப் பிடிக்காது.

தைப்பூசத்துக்கு பத்துமலையிலோ தண்ணீர்மலையிலோ வெறுங்காலோடு ஏறி விரல் இடித்துக்கொண்டவர்களுக்கு நகத்தடியில் ரத்தம் கட்டுவது சகஜம். அது ரத்தமா வேறா என்று பார்க்க ஒரு வழி உண்டு. பகல் வெளிச்சத்தில் நகத்துக்குப் பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். கால் நகம் மாதத்துக்கு 1 முதல் 1.5 மில்லிமீட்டர்தான் வளரும். ரத்தக்கட்டு என்றால் 2 மாதத்தில் 2, 3 மில்லிமீட்டர் முன்னால் நகர்ந்து, நகம் முளைக்கும் பக்கம் வெள்ளை நகம் தெரிய வேண்டும். தெரியவில்லையா, டாக்டரிடம் போங்கள்.

பல நகங்களில் மெல்லிய பழுப்புக் கோடுகள் இருப்பது நம் நிறத்துக்கு இயல்பு, பயம் வேண்டாம். ஒரே ஒரு நகத்தில், அதுவும் கட்டைவிரலில், பெரியவரான பிறகு புதிதாக ஒரு கோடு தோன்றி, 3 மில்லிமீட்டரைத் தாண்டி, நகம் முளைக்கும் பக்கம் அகன்று, சுற்றியுள்ள தோலிலும் கறுப்பு கசிந்தால் 2 மாதம் காத்திருக்கக் கூடாது. உள்ளங்கால் மச்சத்தை டாக்டர் டெர்மாஸ்கோப் என்ற விளக்கு வைத்த பூதக்கண்ணாடியில் பார்க்கும்போது, ரேகையின் பள்ளத்தில் நிறம் ஓடினால் பெரும்பாலும் சாதா மச்சம். மேட்டில் ஓடினால் சந்தேகம்.

கோட்டை விடுவது எங்கே தெரியுமா? கால் ஆணி என்று நினைத்து பிளாஸ்திரி ஒட்டுவது, பிளேடால் சீவுவது. இனிப்புநீர் இருப்பவருக்கு ‘சர்க்கரைப் புண்’ என்றே மாதக்கணக்கில் கட்டுப் போடுவது. நகச்சொத்தை என்று மருந்து பூசிக்கொண்டே இருப்பது. சில கட்டிகளில் கறுப்பே இருக்காது, சிவந்த சதையாகத்தான் தெரியும். 6 வாரம் ஒழுங்காகப் பார்த்தும் ஆறாத புண்ணுக்கு, “சதை எடுத்துச் சோதிக்கலாமா டாக்டர்?” என்று நாமே கேட்க வேண்டும். கட்டியின் ஆழத்தை மில்லிமீட்டரில்தான் அளக்கிறார்கள். அந்த எண் கூடக் கூட பிழைப்பது கடினம். கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார கிளினிக்) சூரத் ருஜுக்கான் (பரிந்துரைக் கடிதம்) வாங்கி தோல் பிரிவுக்குப் போகலாம்.

பரம்பரையாக வரும் ஆபத்து நமக்கு இல்லையா என்றால், உண்டு, வேறு வாசல் வழியாக. நெருங்கிய உறவில் இரண்டு மூன்று பேருக்கு மெலனோமாவோ கணையப் புற்றுநோயோ வந்திருந்தால் சிடிகேஎன்2ஏ மரபணுவைப் பற்றி மரபணு மருத்துவரிடம் பேச வேண்டும். இன்னொன்று, பிறவியிலேயே நிறமி இல்லாத அல்பினிசம். தாய் தந்தை இருவரும் கடத்திகளாக, அதாவது தமக்கு நோய் இல்லாமல் பழுதான மரபணுவைச் சுமப்பவர்களாக இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்கு அது வர 25 சதவீத வாய்ப்பு. மாமன் மகள், அத்தை மகன் கட்டும் குடும்பங்களில் இருவரிடமும் ஒரே பழுது இருப்பதற்கான வாய்ப்பு கூடுகிறது. கோலாலம்பூரில் பெரிய மருத்துவமனையிலும் மலாயா பல்கலைக்கழக மருத்துவ மையத்திலும் மரபணுப் பிரிவு இருக்கிறது, கல்யாணத்துக்கு முன்பே போய்க் கேட்கலாம்.

அப்படிப் பிறந்த பிள்ளைக்கு நண்பகல் வெயில்தான் எதிரி. நம் ஊரில் புற ஊதாக் குறியீடு 11ஐத் தாண்டுவது சாதாரணம். முழுக்கை சட்டை, அகல விளிம்புத் தொப்பி, எஸ்பிஎஃப் 50 சன்ஸ்கிரீன். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் பிதுக்கிப் பூச வேண்டும், வியர்த்தால் 2 மணி நேரத்தில் மறுபடி. பொட்டு வைத்தாற்போலத் தடவினால் டப்பாவில் போட்ட எண் கிடைக்காது. திடலில் நடக்கும் பெர்ஹிம்புனானுக்கும் (பள்ளிக் கூட்டம்) விளையாட்டு நேரத்துக்கும் நிழலில் நிற்க அனுமதி கேட்டு, டாக்டர் கடிதத்தோடு பள்ளிக்குத் தவணை தொடங்கும்போதே கொடுத்துவிடுங்கள்.