பராமரிப்புக் கட்டணத்துக்குள் துடைப்பம் வராதா?

ஆண்டுக்குச் சில நாள் தங்கும் உரிமையை முன்கூட்டியே விலைக்கு வாங்கிக்கொள்ளும் டைம்ஷேர் விடுதிகளில் அன்றாடத் துப்புரவுக்குத் தனிக் கட்டணம் கேட்பது ஒப்பந்தப்படி சரியே என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் முழுவதுமாக ஏற்க இயலவில்லை. தங்கினாலும் தங்காவிட்டாலும் ஆண்டுதோறும் செலுத்தும் பராமரிப்புக் கட்டணத்தில் அறையை நாள்தோறும் பெருக்கும் செலவு அடங்காது என்பதை, கையெழுத்து வாங்கும்போது யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. புதுச்சேரியில் கடற்கரையை ஒட்டிய ஒரு விடுதியில், குழந்தைகளின் காலோடு வந்த மணல் தரையெங்கும் நெறுநெறுக்க, வாரத்தின் நடுவில் ஒருமுறைதான் பெருக்குவோம் என்றார்கள். கூடுதல் துண்டுக்கும் ரசீது வந்தது (அதை உலர்த்தியதும் நாங்கள்தான்). துப்புரவுப் பெண்களிடம் கோபப்பட்டுப் பயனில்லை. முறையிட வேறு இடம் உண்டு: எடுத்துக்காட்டாக, கடலூரில் வசிப்பவர், விடுதி எந்த மாநிலத்தில் இருந்தாலும், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே முறையிடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுக் கட்டணமும் கிடையாது.