மைக்கில் என்னைப் பற்றிப் பேசிய ஐயாவுக்கு

சனிக்கிழமை உவர்மலை மண்டபத்துப் பாராட்டுக் கூட்டத்தில் நடந்ததைப் பற்றி எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் அந்த வீடியோவை ஆளாளுக்கு எனக்கே அனுப்பி, கீழே சிரிக்கிற முகமும் போட்டால் என்ன செய்வது?

"எங்கட டொக்டர் பிள்ளை மருத்துவத்தை விட்டுப்போட்டுக் கணக்குப் படிக்கப் போகுதாம்." மாலை போட்ட கையோடு சொன்னீர்கள் ஐயா. சபையும் சிரித்தது.

நான் மருத்துவத்தை விடவில்லை. அதோடு சேர்த்துப் புள்ளிவிபரவியலில் கலாநிதிப் பட்ட ஆய்வு செய்யப் போகிறேன். எந்தக் கேள்வி மனதைக் குடைகிறதோ, அதற்குப் பதில் தேட உதவுகிற துறையைத்தான் எடுக்க வேண்டும். மேடையில் வாசிக்க எடுப்பாக இருக்கிறதா என்று பார்த்து எடுக்க முடியாது.

என் கேள்வி பதவிசிறிபுரவில் இருக்கிறது. எங்கள் திருகோணமலை மாவட்டம்தான், மறந்திருப்பீர்கள். 1990களில் வடமத்திய மாகாணத்தில் கவனத்துக்கு வந்த, காரணம் தெரியாத சிறுநீரக நோய் அங்கேயும் உண்டு. சீனி வருத்தமும் இல்லை, பிரஷரும் இல்லை, வயல் செய்கிற மனிதரின் சிறுநீரகம் பழுதாகிறது. கிணற்றுத் தண்ணீரின் புளோரைட் என்கிறார்கள், கட்மியம் என்ற உலோகம் என்கிறார்கள், கிருமிநாசினி, வெயில் என்கிறார்கள். நான் பார்த்த ஒருவர் அந்தக் கிணற்றில்தான் குடித்தார், அவரேதான் மருந்தும் அடித்தார், நாள் முழுக்க வெயிலிலும் நின்றார். இதில் எது குற்றவாளி என்று ஸ்டெதஸ்கோப் சொல்லுமா? சிறுநீரகத்தில் சிறு துண்டெடுத்துப் பார்க்கும் பயொப்ஸிகூடப் பழுதைத்தான் காட்டும். காரணத்தைப் பிரித்தெடுக்க ஆயிரம் பேரை எண்ணி ஒப்பிட வேண்டும். "இது எதனால் வந்தது மிஸ்?" என்று அவர் சிங்களத்தில் கேட்டார். எனக்கு எந்த மொழியிலும் பதில் இருக்கவில்லை. அதற்குத்தான் ஐயா கணக்கு.

சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை 1950இல் லண்டன் நோயாளிகளை வைத்துக் காட்டியவர்கள் இருவர். ரிச்சர்ட் டோல் டொக்டர். தெருவுக்குப் போடும் தாரைத்தான் முதலில் சந்தேகித்தவர். மற்றவர் புள்ளிவிபரவியலாளர் பிராட்ஃபோர்ட் ஹில். காசநோயால் மருத்துவம் படிக்க முடியாமல், தபாலில் பொருளியல் படித்தவர். உங்கள் மேடையில் அவருக்கு மாலை விழுந்திருக்காது.

"எம்.டி. மேற்படிப்புச் செய்து கன்சல்டன்ட் ஆகலாமே?" நியாயமான கேள்வி. வருமானம் குறையும், வயதும் போகும், தெரியும். சரி, போகட்டும்.

"மரபணு, ஏஐ என்று ஏதாவது செய்யலாமே?" கேள்வி அங்கே இருந்தால் செய்யலாம். மருத்துவத்தோடு மானிடவியலில் கலாநிதி ஆன அமெரிக்க டொக்டர் போல் ஃபார்மர் (Paul Farmer) ஹெயிட்டியில் காசநோய்க்கு வைத்தியம் செய்தார். ஊசி போட மறந்துவிடவில்லை.

"இலவசக் கல்வியில் படித்துவிட்டு வெளிநாடு ஓடப் பார்க்கிறாள்" என்று ஒருவர் கமெண்டில் எழுதியிருந்தார். இதுதான் சுட்டது. 2022இல் பெட்ரோல் இல்லாமல் சைக்கிளில் இரவு டியூட்டிக்குப் போனவள் நான். அந்த நேரம் விமானம் ஏறியவர்களை நான் குறை சொல்லவில்லை, அவரவர் கஷ்டம். ஆனால் அவர்களுடைய பெற்றோர் அன்று முன்வரிசையில் இருந்தார்கள், "லண்டன் டொக்டர்" என்று நீங்கள் சொன்னதும் கைதட்டல். ஓடியவருக்குக் கைதட்டு, இங்கத்தைய நோய்க்குக் காரணம் தேடுகிறவளுக்குச் சிரிப்பு.

என் தம்பி இதே துறையை எடுத்திருந்தால் "ஆராய்ச்சியாளர்" என்று அறிமுகப்படுத்தியிருப்பீர்கள். எனக்கோ, கூட்டம் முடிந்ததும் ஒரு மாமி காதோடு சொன்னார்: "மாப்பிள்ளை வீட்டுக்காரருக்கு இந்தப் படிப்பைப் பற்றிச் சொல்லிப்போடாதை பிள்ளை."

மாமி, அவர்கள் தேத்தண்ணீர் குடித்து முடிக்கும் முன்பே சொல்லிவிடுவேன்.