உளவியல் வகுப்பில் கட்டாய ஆய்வுப் பங்கேற்பு: மாணவருக்கு என்ன கிடைக்கிறது?

அறிமுக உளவியல் பாடத்தில் சேர்ந்த முதல் வாரத்திலேயே பாடத்திட்டத்தில் ஒரு வரி கண்ணில் படும். செமஸ்டர் முடிவதற்குள் இத்தனை மணி நேரம் துறையின் ஆய்வுகளில் பங்கேற்க வேண்டும், இல்லாவிட்டால் மதிப்பெண் குறையும் என்று. அமெரிக்க, கனடியப் பல்கலைக்கழகங்களில் இது பல பத்தாண்டுகளாக இருக்கும் வழக்கம். நான் அங்கே உளவியலில் மேற்படிப்பு படித்தபோது இந்தப் பாடத்துக்கு உதவி ஆசிரியராக இருந்தேன். அதே மாணவர்களை வைத்து ஆய்வும் நடத்தினேன். வகுப்பிலும் ஆய்வுக்கூடத்திலும் இருந்து பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: இந்த விதி இருக்கட்டும். ஆனால் மாணவர் தன் நேரத்தைக் கொடுத்துவிட்டு எழுந்து போகும்போது எதையாவது கற்றுக்கொண்டு போக வேண்டும். அதற்கு வழி செய்யாத துறை இந்த விதியை எடுத்துவிட வேண்டும்.

இது எப்படி நடக்கிறது என்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். செமஸ்டர் தொடக்கத்தில் பல துறைகளில் இணையவழியில் நீளமான கேள்வித்தாள் ஒன்று வரும். வயது, தாய்மொழி, இடது கைப் பழக்கமா, நிறங்களைப் பிரித்தறிவதில் சிரமம் உண்டா என்றெல்லாம் கேட்பார்கள். அந்தப் பதில்களை வைத்து எந்த ஆய்வுக்கு நீங்கள் பொருந்துவீர்கள் என்று முடிவாகும். அப்புறம் சோனா போன்ற ஒரு மென்பொருளுக்குள் போய், காலியாக இருக்கும் நேரத்தைப் பார்த்துப் பதிவு செய்ய வேண்டும். பங்கேற்ற நேரத்துக்குக் கிரெடிட் என்ற புள்ளி சேரும்: பெரும்பாலும் அரை மணிக்கு அரை கிரெடிட், ஒரு மணிக்கு ஒரு கிரெடிட். பதிவு செய்துவிட்டுச் சொல்லாமல் கொள்ளாமல் வராமல் போனால் சில துறைகளில் கிரெடிட்டைக் கழிப்பார்கள். ஆய்வு என்றதும் தலையில் ஒயர் மாட்டிவிடுவார்களோ என்று பயப்படுகிறவர்களும் உண்டு. பயப்பட வேண்டாம். பெரும்பாலும் கணினி முன் உட்கார்ந்து பொத்தானை அழுத்துவதும், ஒன்றிலிருந்து ஏழு வரை ஏதோ ஓர் எண்ணைத் தேர்வு செய்வதும்தான் வேலை.

இதில் என்ன பெரிதாக இருக்கிறது என்று நினைக்கலாம். பாடப்புத்தகத்தில் நீங்கள் கோடிட்டுப் படிக்கும் எத்தனையோ முடிவுகள் இப்படி வந்து உட்கார்ந்த மாணவர்கள் கொடுத்தவை.

1959இல் லியோன் ஃபெஸ்டிங்கரும் ஜேம்ஸ் கார்ல்ஸ்மித்தும் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். பங்கேற்றவர்கள் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் அறிமுக உளவியல் படித்த 71 ஆண் மாணவர்கள். பாடத்தின் கட்டாய மணிநேரத்தை முடிக்க வந்தவர்கள். அரை மணி நேரம், நூல் உருளைகளை ஒரு தட்டில் அடுக்க வேண்டும், எடுக்க வேண்டும், மறுபடி அடுக்க வேண்டும். அதுவும் ஒரே கையால். அடுத்த அரை மணி நேரம், பலகையில் இருக்கும் 48 சதுர முளைகளை ஒவ்வொன்றாகக் கால் சுற்று திருப்ப வேண்டும். எல்லாவற்றையும் திருப்பி முடித்ததும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். வேண்டுமென்றே அலுப்பூட்டுவதற்காகவே அமைத்த வேலை அது. முடிந்ததும் ஒரு பிரிவினருக்கு 1 டாலரும் இன்னொரு பிரிவினருக்கு 20 டாலரும் தந்து, அடுத்து வரப்போகிறவரிடம் இது சுவாரசியமான வேலை என்று சொல்லச் சொன்னார்கள். பிறகு தனியாகக் கேட்டபோது, 20 டாலர் வாங்கியவர்களைவிட 1 டாலர் வாங்கியவர்கள்தான் அந்த வேலை பிடித்திருந்ததாகச் சொன்னார்கள். ஒரு டாலருக்காகப் பொய் சொன்னோம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்ல முடியாமல், மனம் தன் கருத்தையே மாற்றிக்கொண்டது என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த இடம் வேறு. வேலை பிடித்திருந்ததா என்ற கேள்வியைச் சந்தேகம் வராமல் எப்படிக் கேட்பது? மாணவர்கள் கட்டாயமாக ஆய்வுகளில் கலந்துகொள்வதால், அந்த ஆய்வுகள் எப்படி இருக்கின்றன என்று துறை மதிப்பிட்டு வருகிறது, அதற்கான பேட்டி இது என்று மாணவர்களை நம்பவைத்தார்கள். பாடத்தின் விதியே ஆய்வின் ஒப்பனைக்குள் ஒரு பகுதியாகிவிட்டது! கடைசியில் உண்மையை விவரமாக எடுத்துச் சொல்லி, பணத்தையும் திருப்பிக் கேட்டார்கள். எல்லோரும் மனமுவந்து திருப்பிக் கொடுத்தார்கள் என்று கட்டுரையிலேயே எழுதியிருக்கிறார்கள். ஒரு மணி நேரம் முளை திருப்பிய எரிச்சல் ஒருபுறம் இருக்கட்டும். தன் மனம் தன்னிடமே எப்படி வேலை காட்டியது என்று தெரிந்துகொண்டு அந்த மாணவர் வெளியே போகிறார். நான் கேட்பதும் இதைத்தான்.

முடிவு பிறகு ஆட்டம் கண்டாலும் இதே நியாயம்தான். 1998இல் ராய் பாமைஸ்டர் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், பாடத்துக்காகப் பதிவு செய்த 67 அறிமுக உளவியல் மாணவர்கள் ஒரு வேளை சாப்பிடாமல் வந்தார்கள். அறையெங்கும் அப்போதுதான் சுட்ட சாக்லேட் பிஸ்கட் வாசனை. சிலருக்கு அந்த பிஸ்கட்டைச் சாப்பிட அனுமதி, சிலருக்கு அதைத் தொடாமல் பக்கத்தில் இருந்த முள்ளங்கியை மட்டும் சாப்பிடச் சொல்லி உத்தரவு. பிறகு எல்லோருக்கும் விடையே இல்லாத புதிர். முள்ளங்கிக்காரர்கள் சுமார் 8 நிமிடத்தில் கைவிட்டார்கள், பிஸ்கட் சாப்பிட்டவர்கள் சுமார் 19 நிமிடம் போராடினார்கள். மனக்கட்டுப்பாடு செலவழிந்து தீரக்கூடிய ஒன்று என்ற கருத்து இதிலிருந்துதான் பெரிதாகப் பரவியது. 2016இல் 23 ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து, 2,000க்கும் மேற்பட்ட பங்கேற்பாளர்களிடம் வேறொரு சோதனை மூலம் இதே கருத்தைச் சோதித்தபோது, விளைவு கிட்டத்தட்ட பூஜ்யத்தில் வந்து நின்றது. இப்படி ஒரு கதையை முதலாண்டு மாணவருக்குச் சொன்னால், அறிவியல் எப்படித் தன்னையே திருத்திக்கொள்கிறது என்பதை ஒரு முழு அத்தியாயத்தைவிட நன்றாகப் புரிந்துகொள்வார். அவரும் அதேபோல் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தவர்தானே.

சரி, கட்டாயம் என்ற விஷயத்துக்கு வருகிறேன். மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வில் தன்னிச்சையான ஒப்புதல் இன்றியமையாதது என்று 1947இல் நியூரம்பர்க் நெறிமுறை முதல் வரியிலேயே சொல்லிவிட்டது. 1979இல் அமெரிக்காவில் வந்த பெல்மாண்ட் அறிக்கை இன்னொரு படி மேலே போனது. எளிதாகக் கையில் கிடைக்கிறார்கள், எளிதாக வளைக்கலாம் என்ற காரணங்களுக்காக ஒரு பிரிவினரையே திரும்பத் திரும்ப ஆய்வுக்கு எடுப்பது நீதியா என்று பார்க்கச் சொன்னது. முதலாண்டு மாணவரைவிட எளிதாகக் கையில் கிடைப்பவர் யார்? மதிப்பெண் பேராசிரியர் கையில், ஆய்வும் அதே துறையின் கையில். இதனால்தான் அமெரிக்க உளவியல் சங்கத்தின் அறநெறி விதிகள், ஆய்வுப் பங்கேற்பு பாடத்தின் நிபந்தனையாக இருந்தால் அதற்கு ஈடான மாற்றுப் பணியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் மாணவருக்கு இருக்க வேண்டும் என்கின்றன. மறுத்தாலோ பாதியில் விலகினாலோ அவருக்குப் பாதகம் வரக் கூடாது என்பதும் விதி.

பிரச்சினை அந்த "ஈடான" என்ற இடத்தில்தான். நான் பார்த்த ஒரு துறையில், ஆய்வுக்குப் போனால் வந்து உட்கார்ந்ததற்கே முழு கிரெடிட். போகாதவர் ஓர் ஆய்விதழ்க் கட்டுரையைப் படித்துப் பல பக்கம் எழுதித் தர வேண்டும். அதைத் திருத்தி மதிப்பெண் போடுவார்கள், சரியில்லை என்றால் திருப்பி அனுப்புவார்கள். முதலாண்டு மாணவருக்கு ஓர் ஆய்விதழ்க் கட்டுரை புரியவே எவ்வளவு நேரம் ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். அப்படி இருந்தால் யார் அந்தப் பக்கம் போவார்கள்? பெயருக்கு ஒரு வழியைத் திறந்து வைத்துவிட்டு, அதில் யாரும் நடக்க முடியாதபடி செய்வது எனக்குக் கோபத்தையே வரவழைத்தது. கொடுக்கும் நேரமும் உழைப்பும் இரண்டிலும் சமமாக இருக்க வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாத மாணவர்களை நினைத்தாவது இதைச் சரிசெய்ய வேண்டும். பெற்றோர் அனுமதி வாங்கும் சிக்கல் காரணமாகப் பல இடங்களில் அவர்களுக்கு அந்த மாற்றுப் பணி ஒன்றுதான் வழி.

மாணவர்களை மட்டுமே வைத்து ஆராய்ந்தால் கிடைப்பது மனித குலத்தின் உளவியலா என்ற கேள்வியும் பழையதுதான். 2010இல் ஜோசப் ஹென்ரிக், ஸ்டீவன் ஹைன், ஆரா நோரென்சாயன் மூவரும் எழுதிய கட்டுரை இதை உரக்கப் பேசியது. முல்லர்-லையர் மாயத்தோற்றம் அவர்கள் காட்டும் உதாரணங்களில் ஒன்று. சம நீளமுள்ள இரண்டு கோடுகள், ஒன்றின் முனையில் அம்புக்குறி உள்நோக்கி, மற்றதில் வெளிநோக்கி. ஒன்று நீளமாகத் தெரியும். ஒப்பிட்ட மக்கள் குழுக்களிலேயே இதில் அதிகம் ஏமாந்தவர்கள் அமெரிக்க இளநிலை மாணவர்கள். கலஹாரியின் சான் மக்களுக்கு இது கிட்டத்தட்ட மாயத்தோற்றமாகவே தெரியவில்லை. கோட்டின் நீளம் போன்ற அடிப்படையான விஷயத்திலேயே மாணவர்கள் ஓர் ஓரத்தில் நிற்கிறார்கள் என்றால், மற்றதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இதற்காகப் பங்கேற்பு விதியைத் தூக்கிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இந்த வரம்பையும் அந்த மாணவர்களிடமே வெளிப்படையாகப் பேசலாம் என்கிறேன்.

கடைசி வாரத்தில் ஓடிவருகிற மாணவர்களைப் பற்றி ஆய்வாளர்கள் நிறையவே குறைப்பட்டுக்கொள்வார்கள். அக்கறை இல்லாமல் பொத்தானை அமுக்குகிறார்கள், தரவு கெட்டுப்போகிறது என்று. 2016இல் 20 பங்கேற்பாளர் குழுக்களை வைத்துச் செமஸ்டர் முழுக்க இதைச் சோதித்த ஒரு பெரிய கூட்டு ஆய்வு வெளிவந்தது. செமஸ்டரின் எந்தக் கட்டத்தில் வந்தார்கள் என்பது ஆய்வு முடிவுகளைப் பெரிதாக மாற்றவில்லை. ஆகவே கடைசி நேர மாணவர் என்று ஏளனமாகப் பேசுவதை நாம் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

நான் அதிகம் சொல்ல நினைப்பது, ஆய்வு முடிந்ததும் நடக்கும் அந்தச் சில நிமிடங்களைப் பற்றி. நெறிமுறைப்படி ஆய்வின் நோக்கத்தை மாணவருக்கு விளக்க வேண்டும். ஏதாவது மறைத்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும். நடைமுறையில் என்ன நடக்கிறது? நெருக்கமான எழுத்தில் ஒரு தாளை நீட்டுகிறார்கள். இணையவழி ஆய்வென்றால் கடைசித் திரையில் ஒரு பத்தி வரும், மாணவர் அதைத் தள்ளிவிட்டு கிரெடிட் வந்ததா என்று பார்ப்பார். குற்றம் அவருடையது இல்லை. அந்தப் பத்தியை எழுதியவரே அவர் படிப்பார் என்று எதிர்பார்த்து எழுதவில்லை.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு மாணவி வந்திருந்தாள். 1935இல் ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் வெளியிட்டாரே, நிறப் பெயர்களை வேறு நிற மையில் எழுதிக் காட்டும் சோதனை, அதன் ஒரு வடிவம். "சிவப்பு" என்ற சொல் பச்சை மையில் வரும், பச்சைக்கான பொத்தானை அழுத்த வேண்டும். முடிந்ததும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டாள். ஒரு நிமிடம் இரு என்று சொல்லி, அவளுடைய எதிர்வினை நேரங்களையே திரையில் காட்டினேன். சொல்லும் நிறமும் ஒத்துப்போன இடங்களில் வேகம், மோதிய இடங்களில் தெளிவாகத் தாமதம். "படிக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் செய்தேன், அப்படியும் படித்துவிட்டேனா?" என்று கேட்டாள். பையைக் கீழே வைத்தாள். தாய்மொழியில் சொற்களைக் கொடுத்தால் என்ன ஆகும், எழுத்தே தெரியாத மொழியில் கொடுத்தால் என்ன ஆகும் என்று அவளாகவே கேட்க ஆரம்பித்தாள். ஓர் ஆய்வு எப்படிப் பிறக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எந்த வகுப்பிலும் கிடையாது. இதற்குத் தேவைப்பட்டது கூடுதலாகச் சில நிமிடங்களும், சொல்லிக்கொடுக்க ஒரு மனமும்தான்.

இப்போது இந்தப் பாடம் எடுக்கப்போகும் தம்பி தங்கைகளுக்கு. முதல் வாரத்திலேயே மாற்றுப் பணி என்ன, அதற்குக் கடைசித் தேதி எது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் அந்தத் தேதி முன்னதாகவே வந்துவிடும். ஒப்புதல் படிவத்தைப் படியுங்கள். நடுவில் மனசு ஒப்பவில்லை என்றால் எழுந்து வரலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. அப்படி எழுந்தால் கிரெடிட் என்ன ஆகும் என்று படிவத்தில் தெளிவாக இல்லாவிட்டால், ஆரம்பிக்கும் முன்பே கேளுங்கள். இரண்டு உளவியல் பாடம் எடுத்திருந்தால், வந்த கிரெடிட் எந்தப் பாடத்தில் சேர்ந்திருக்கிறது என்று மென்பொருளில் சரிபாருங்கள். முடிந்தவரை ஒன்றிரண்டு ஆய்வுக்காவது நேரில் போங்கள். ஆய்வாளரிடம் "இதில் எதைக் கண்டுபிடிக்கப் பார்க்கிறீர்கள்?" என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

ஆய்வு நடத்துகிறவர்களிடமும் பேராசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். மாணவரின் பதில்களை அலசி முடித்ததும், முடிவு நன்றாக வந்தாலும் வராவிட்டாலும், எளிய மொழியில் ஒரு பக்கம் எழுதிப் பங்கேற்ற எல்லோருக்கும் அனுப்புங்கள். பாடத்தின் கடைசி வகுப்பில் பத்து நிமிடம் ஒதுக்கி, இந்தச் செமஸ்டரில் நீங்கள் கொடுத்த நேரத்திலிருந்து எங்களுக்கு இதுவரை தெரியவந்தது இதுதான் என்று சொல்லுங்கள். ஆய்வுத் திட்டத்தை நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பும்போதே, மாணவர் இதில் என்ன கற்றுக்கொள்வார் என்ற கேள்விக்கும் ஒரு பதிலை எழுதிச் சேர்த்துவிடுங்கள். அதைத் தாண்டித்தான் கிரெடிட் தரும் அனுமதி என்று துறைகள் விதி வைக்கட்டும்.