1832-லேயே பிரிட்டனில் எல்லோருக்கும் ஓட்டா?

“1832 சீர்திருத்தச் சட்டத்தால் பிரிட்டனில் எல்லோருக்கும் ரகசிய வாக்குரிமை கிடைத்தது” என்று ஒரு தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

அந்தச் சட்டம் சாதித்தது தொகுதிச் சீரமைப்பில்தான். ஆளே குடியிருக்காத ஓல்டு சாரம் என்ற மேட்டுக்கு அதுவரை 2 எம்.பி.க்கள், ஆலைகள் நிறைந்த மான்செஸ்டருக்குத் தனியாக ஒருவர்கூட இல்லை. இந்தக் கூத்து 1832-ல் முடிந்தது. ஆனால் ஓட்டு? நகரங்களில் பொதுவாக ஆண்டுக்கு 10 பவுண்டு மதிப்புள்ள வீட்டில் குடியிருந்த ஆண்களுக்குத்தான். தொழிலாளர்களில் பெரும்பாலோர் வெளியேதான் நின்றார்கள். வாக்காளர் ‘ஆண்’ என்று சட்டமே எழுதிவைத்தது.

ரகசியமும் கிடையாது. மேடையேறி, யாருக்கு ஓட்டு என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். அது பதிவேட்டில் ஏறும். நிலச்சுவான்தார் பார்த்துக்கொண்டிருக்கும்போது குத்தகைக்காரர் யாருக்குப் போடுவார்? ரகசிய வாக்குச் சட்டம் வந்தது 1872-ல். அதன்படி அந்த ஆகஸ்டில் இங்கிலாந்தின் பான்டிஃபிராக்ட் என்ற ஊரில் முதல் நாடாளுமன்ற இடைத்தேர்தல் நடந்தது. ஓட்டுப்பெட்டிக்கு அரக்கு முத்திரை வைக்க, உள்ளூர் அதிமதுர மிட்டாய் ஆலையின் அச்சையே பயன்படுத்தினார்கள்!

அப்புறம் 1867, 1884 சட்டங்கள் தொழிலாளர் பலருக்கு ஓட்டைக் கொண்டுபோயின. 21 வயதான எல்லா ஆண்களுக்கும் 1918-ல்தான் கிடைத்தது. பெண்களுக்கு அதே அளவில் 1928-ல்.