பாயில் கிடந்த பிள்ளை எதைத் தெரிவு செய்தது?

அந்த வீடியோவை இந்நேரம் மட்டக்களப்பில் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள், அதனால் யார், எந்த மேடை என்று விளக்கவில்லை. சுனாமி நினைவுக் கூட்டம். உறவுகளைப் பறிகொடுத்தவர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள். மைக்கைப் பிடித்த பாஸ்டர், கடவுள் மனிதனுக்குச் சுயசித்தம் (நல்லதையோ கெட்டதையோ தானே தெரிவு செய்யும் சுதந்திரம்) தந்தார், இந்தக் கரை பாவத்தைத் தெரிவு செய்தது, விளைவு வந்தது, இதை நான் சொல்லவில்லை வேதம் சொல்கிறது என்கிறார். நாலு பேர் ஆமென் வேறு!

எனக்கு ஒரே கேள்விதான். பாயில் கிடந்த பிள்ளை எதைத் தெரிவு செய்தது?

2004 டிசம்பர் 26, நத்தாருக்கு மறுநாள், ஞாயிறு. மட்டக்களப்பு நாவலடியைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, ஓட இடமில்லை. என் பெரியம்மாவின் மகளையும் பாயில் கிடந்த பேரப்பிள்ளையையும் அங்கேதான் அலை கொண்டுபோனது. பெரியம்மா முகாமில் இருந்தபோது ஆறுதல் சொல்ல வந்த ஒரு சபைச் சகோதரி, ஜெபம் குறைந்த வீடுகளைத்தான் அலை தேடி வந்தது என்று சொல்லி, பிஸ்கட் பெட்டியையும் கொடுத்துவிட்டுப் போனார். பெரியம்மா ஒன்றும் பேசவில்லை. ஆலயத்துக்கு வருவதையும் நிறுத்தவில்லை. பின்வரிசைக்குப் போய்விட்டார், அவ்வளவுதான். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறார்.

சுயசித்தமே இல்லை என்றா சொல்கிறேன்? இல்லை. 2019 ஈஸ்டர் அன்று மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்துக்குக் குண்டோடு வந்தவன் தெரிவு செய்துதான் வந்தான். அவனுடைய பாவத்துக்குக் கடவுளைக் குற்றம் சொல்லாதீர்கள் என்றால் சரி, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஞாயிறு பாடசாலை முடிந்து முற்றத்தில் நின்ற பிள்ளைகள்? அவனுடைய சுதந்திரத்துக்கான விலையை அவர்கள் ஏன் கட்ட வேண்டும்? தீமைக்குக் காரணம் சுயசித்தம்தான் என்று பழைய சபைத் தந்தை அகுஸ்தீனார் காலத்திலிருந்து சொல்லிவரும் விளக்கம் கொலைகாரன் விஷயத்திலேயே பாதிதான் நிற்கிறது. அலை விஷயத்தில் அதுவும் இல்லை. சுமாத்திராவுக்கு அப்பால் ஒரு கடலடித் தட்டு இன்னொன்றின் கீழ் சறுக்கியதற்கு நாவலடியில் யார் பொய் சொன்னார்கள் என்பதோடு என்ன சம்பந்தம்? இயற்கை அழிவுகளுக்கு விழுந்துபோன தூதர்களின் சுயசித்தம்கூடக் காரணமாக இருக்கலாம் என்று பிளான்டிங்கா என்ற தத்துவவாதி ஒரு சாத்தியம் சொன்னார். அவராவது செத்தவர்கள் மேல் பழி போடவில்லை. அலை நம் கரைக்கு வர ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் எடுத்தது, இந்து சமுத்திரத்தில் அன்றைக்கு எச்சரிக்கை அமைப்பே கிடையாது. மனிதனுடைய தெரிவைப் பற்றிப் பேச அவ்வளவு ஆசை என்றால் அதைப் பேசுங்களேன்.

"வேதம் சொல்கிறது." எந்த இடத்தில், ஐயா? சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தார்களே, அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்று நினைக்கிறீர்களா, இல்லை என்று இயேசுவே சொல்கிறாரே, லூக்கா 13. உடனே, மனந்திரும்பாவிட்டால் நீங்களும் அப்படியே கெட்டுப்போவீர்கள் என்று அடுத்த வசனத்தைத் தூக்கிக்கொண்டு வருவீர்கள். அது உயிரோடு நின்று கேட்டவர்களுக்குச் சொன்னது, செத்தவர்கள் மேல் எழுதிய தீர்ப்பு அல்ல. துன்பப்பட்ட யோபுவிடம், நீ பாவம் செய்ததால்தான் இது வந்தது என்று அவனுடைய நண்பர்களும் இந்தப் பாஸ்டர் மாதிரித்தான் பேசினார்கள், கடைசியில் கடவுளின் கோபம் அவர்கள் மேல்தான் வந்தது.

வேதத்தையே கேள்வி கேட்கிறாயா என்பவர்களுக்கும் சொல்கிறேன். எங்கள் வீட்டு அலமாரியில் இரண்டு பைபிள் இருக்கிறது. மெதடிஸ்ட்காரனான என்னுடையதில் 66 புத்தகம், கத்தோலிக்கப் பெண்ணான என் மனைவியுடையதில் 73. புதிய ஏற்பாட்டின் இன்றைய 27 புத்தகங்களையும் அப்படியே வரிசைப்படுத்திய பட்டியல் நமக்குக் கிடைப்பது கி.பி. 367இல் அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியு எழுதிய கடிதத்தில்தான். வெளிப்படுத்தல் புத்தகத்தைச் சேர்ப்பதா விடுவதா என்று கிழக்குச் சபைகள் அதற்குப் பிறகும் இழுபறிப்பட்டன. எல்லாம் ஆவியானவரின் வழிநடத்தல் என்பீர்கள். நானும் அப்படித்தான் நம்புகிறேன். ஆனால் அவர் வழிநடத்தியது நூற்றாண்டுக் கணக்கில் வாசித்து, பிரதி எடுத்து, சண்டை பிடித்து, சேர்ந்து ஏற்றுக்கொண்ட சனங்களை. அந்த அதிகாரம் முழுக்க ஒரு மேடையில் ஒருவருடைய மைக்குக்குள் எப்படி இறங்கியது?

"நல்ல நோக்கத்தில்தான் சொன்னார், நீ சபையைப் பிரிக்கிறாய்" என்று நேற்று ஒருவர் இன்பொக்ஸில் எழுதினார். பிரிக்கிறேனாம்! முன்வரிசையில் இருந்து அழுதவர்களைப் பார்த்துக்கொண்டே பேசினவர் சேர்த்துவைக்கிறார், நான் பிரிக்கிறேன். சரி, அப்படியே இருக்கட்டும். பெரியம்மாவுக்கு அந்த வீடியோவை வட்ஸ்அப்பில் அனுப்பினவரும் நல்ல நோக்கத்தில்தான் அனுப்பியிருப்பார். யார் என்று எனக்குத் தெரியும். இதையும் வாசிப்பீர்கள் என்றும் தெரியும். இரண்டு நாளாக உங்களுக்குக் கோல் எடுக்கிறேன், போனைத் தூக்குங்கள்.