காதல் வந்ததும் வேலை எங்கே போகிறது?

'எனக்கு வேலைதான் எல்லாம்' என்று சொல்லிக்கொண்டு நாவலில் யாராவது நுழைந்தாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். அவள் பெரிய வக்கீல், அவன் அதைவிடப் பெரிய வக்கீல். ஐந்தாறு அத்தியாயம் முட்டிக்கொள்வார்கள். அப்புறம் காதல் வந்துவிடும். அதோடு வாய்தாவும் இல்லை, கட்சிக்காரனும் இல்லை. கடைசியில் ஒருத்தர் வேலையை விட்டால் சுபம். யார் விடுவார்கள் என்று சொல்லவும் வேண்டுமா?

இந்த எரிச்சலில்தான் டோரதி சேயர்ஸ் 1935-இல் எழுதிய 'கௌடி நைட்' நாவலைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சிபாரிசு செய்துகொண்டிருக்கிறேன். ஹாரியட் வேன் துப்பறியும் கதை எழுதிப் பிழைப்பவள். பீட்டர் விம்சி பிரபு வீட்டுப் பிள்ளை, துப்பறிவாளன். காதலனுக்கு விஷம் வைத்தாள் என்ற பொய் வழக்கில் தூக்குக்குப் போக இருந்தவளை முந்தைய நாவல் ஒன்றில் அவன்தான் காப்பாற்றினான். அன்றிலிருந்து ஐந்து வருஷமாகக் கல்யாணத்துக்குக் கேட்கிறான், அவள் மறுக்கிறாள். உயிரைக் காப்பாற்றினான் என்பதற்காகக் கழுத்தை நீட்டினால், காலம் பூராவும் கடன்காரியாகவே இருக்க வேண்டும். அது அவளுக்கு ஆகாது.

இந்த நாவலில் எனக்குப் பிடித்த காதல் காட்சியில் தொடுதல்கூடக் கிடையாது. ஹாரியட் எழுதிக்கொண்டிருக்கும் கதை சிக்கிக்கொண்டு நிற்கிறது. மர்மமெல்லாம் கச்சிதம், ஆட்கள்தான் அட்டை பொம்மைகள். அதில் வில்ஃப்ரிட் என்று ஒருவன். அவனுக்கு ஒரு மனசாட்சியைக் கொடு, நிஜ மனுஷனாக்கு என்கிறான் பீட்டர். அப்படி எழுதினால் என் சொந்தக் காயத்தையே கிளற வேண்டிவருமே, வலிக்குமே என்கிறாள். புத்தகம் நன்றாக வருமென்றால் வலித்தால் என்ன என்று கேட்கிறான். காதலிப்பவளிடம் இப்படிச் சொல்ல எத்தனை பேருக்குத் தைரியம் வரும்? 'நீ எழுதினால் நல்லாத்தான் இருக்கும்மா' என்று தட்டிக்கொடுப்பது சுலபம். முதலில் அவளுக்குச் சுருக்கென்று படுகிறது. ஆனால் தன் எழுத்தைத் தன்னளவுக்கே மதிக்கிற ஒருவன் இருக்கிறான் என்பதும் உறைக்கிறது. அப்புறம் உட்கார்ந்து அந்த வில்ஃப்ரிடைத் திருத்துகிறாள்.

ஒரு கல்லூரியில் நடக்கும் நாசவேலையை ஹாரியட் துப்பறிகிறாள். அதில் ஆபத்து வரும்போதும் அப்படித்தான். 'நீ போகாதே, நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று அவன் சொல்வதில்லை. கழுத்தை நெரித்தால் எப்படித் தப்புவது என்று பழக்கிவிட்டு, கழுத்தில் மாட்டிக்கொள்ள நாய்ப்பட்டை ஒன்றும் வாங்கித் தருகிறான். சிரிப்பாகத்தான் இருக்கிறது, என்ன செய்ய.

குற்றவாளி யார் என்று இனிச் சொல்லப்போகிறேன். தொண்ணூறு வருஷத்துப் புத்தகம், கோபிக்காதீர்கள். கதை நடப்பது ஆக்ஸ்ஃபோர்டில், சேயர்ஸ் கற்பனை செய்த ஒரு பெண்கள் கல்லூரியில். அவரே ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர். 1915-இல் முதல் வகுப்பில் தேறியும், பெண்களுக்கு அந்தப் பல்கலைக்கழகம் பட்டம் தர ஆரம்பித்த 1920 வரை காத்திருந்தவர். கல்லூரியில் மொட்டைக் கடிதமும் நாசவேலையும் நடக்கின்றன. செய்பவள் அங்கே பணிப்பெண்ணாக இருக்கும் ஆனி. அவள் புருஷன் ஆராய்ச்சியாளன். தன் முடிவைக் கவிழ்க்கும் பழைய கடிதம் ஒன்றை ஒளித்துவைத்தான். அதை அம்பலப்படுத்திய பேராசிரியை இப்போது இதே கல்லூரியில் இருக்கிறார். அவனுக்கு வேலை போனது, குடித்தான், சுட்டுக்கொண்டு செத்தான். ஒரு துண்டுக் காகிதத்துக்காக ஒரு குடும்பம் தெருவுக்கு வரணுமா என்று ஆனி கத்துகிற பக்கங்களை நிதானமாகப் படியுங்கள். சட்டென்று பதில் வராது.

குறை இல்லாமல் இல்லை. லத்தீன் மேற்கோள்கள் படுத்தும். பீட்டரிடம் கொட்டிக் கிடக்கிற பணத்தில் யார் சமைப்பது, யார் பாத்திரம் கழுவுவது என்ற சண்டைக்கே இடமில்லை. அந்த வேலையெல்லாம் செய்கிறவளைக் குற்றவாளியாக்கியதும் எனக்கு உறுத்துகிறது.

தமிழில் இதற்குப் பக்கத்தில் வைக்க எனக்குத் தோன்றுவது கொத்தமங்கலம் சுப்பு விகடனில் எழுதிய 'தில்லானா மோகனாம்பாள்'தான். சண்முகசுந்தரமும் மோகனாவும் ஒருவர் வித்தையில் ஒருவர் மயங்கியவர்கள். ஆனால் காதலுக்காக அவன் வாசிப்பைக் குறைக்க மாட்டான், அவளும் ஆட்டத்தை விட்டுக்கொடுக்க மாட்டாள். போட்டி இல்லாவிட்டால் அந்தக் காதலில் என்ன இருக்கிறது?

ஹாரியட் கடைசியில் சம்மதிக்கிறாள். 1937-இல் வந்த அடுத்த நாவலில் தேனிலவுக்குப் போன வீட்டின் நிலவறையில் ஒரு பிணம் கிடைக்கிறது. புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் வேலையில் இறங்கிவிடுகிறார்கள்.