தீ விட்டுவைத்த சாளரங்கள்

பாரிஸின் நோத்ர தாம் பேராலயத்தில் பழைய சாளரங்களை மாற்றக் கூடாது என்று நான் எழுதியதற்கு, "ஆறு சன்னலுக்கு இவ்வளவு ஆத்திரமா?" என்று நேற்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். ஆத்திரம்தான். 2019 ஏப்ரலில் கூரையை எரித்த தீ, தென்புறச் சிற்றாலயங்களில் 19ஆம் நூற்றாண்டில் அதைப் புதுப்பித்த கட்டடக் கலைஞர் வியொலே-லெ-துக் அமைத்த சாளரங்களை விட்டுவைத்தது. அவற்றைக் கழற்றிவிட்டுப் புதியவற்றை வைக்கக் பிரான்சின் குடியரசுத் தலைவரும் பாரிஸ் பேராயரும் விரும்பினார்கள். 2024 ஜூலையில் தேசிய மரபுச் சின்ன ஆணையம் ஒருமனதாக வேண்டாம் என்றது. அந்தக் கருத்து அரசைக் கட்டுப்படுத்தாது என்பதால், டிசம்பரிலேயே புதிய சாளரங்களுக்கான ஓவியரைத் தேர்ந்தெடுத்து அறிவித்துவிட்டார்கள்.

நான் சொல்வது ஒன்றுதான்: பழைய ஆலயத்தில் கைவைப்பதைத் தடுக்கும் சட்டம் அதன் உரிமையாளரையும் தடுக்க வேண்டும். நினைவுச் சின்னத்திலிருந்து 500 மீட்டருக்குள் இருப்பவர் தம் வீட்டுச் சன்னலை மாற்றுவதற்கும் பொதுவாக அனுமதி கேட்க வேண்டிய நாட்டில், அந்தப் பேராலயத்துக்கே உரிமையாளரான அரசு, நிபுணர்களின் மறுப்பைத் தாண்டிப் போகலாமா?

"வியொலே-லெ-துக்கும் மாற்றியவர்தானே" என்கிறீர்கள். மாற்றினார்; அவர் சேர்த்தவையும் இன்று அந்த ஆலயத்தின் வரலாறுதான். ஒரு கட்டடத்தில் எல்லாக் காலத்தவரும் சேர்த்தவற்றை மதிக்க வேண்டும் என்று நினைவுச் சின்னங்களைப் பாதுகாப்பதற்கான 1964ஆம் ஆண்டின் பன்னாட்டு வெனிஸ் சாசனம் சொல்வதும் அதனால்தான்.

"ஆலயம் வழிபாட்டுக்குரியது, அருங்காட்சியகம் அல்ல, உங்களுக்கு விசுவாசமில்லை" என்று எழுதியவருக்கு மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் அது வலித்தது. இங்கிலாந்துத் திருச்சபைக்குப் மரபுச் சின்னங்களாகப் பட்டியலிடப்பட்ட கட்டடங்களை மாற்றுவதற்கான அரசு அனுமதியிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் திருச்சபையின் சொந்த நீதிமன்றம் அனுமதிக்காமல், பழைய மர இருக்கைகளைக்கூட ஒரு பங்கு, அதாவது ஓர் ஆலயத்தின் சபை, தன் விருப்பப்படி அகற்ற முடியாது. மாற்றம் கட்டடத்தின் சிறப்பைக் கெடுக்குமா, எவ்வளவு கெடுக்கும், அதை ஈடுசெய்யும் பொதுநன்மை உண்டா என்று கேட்கும் முறையை 2012இல் டஃபீல்ட் ஆலய வழக்கு வகுத்தது. மாற்ற விரும்புபவரே காரணத்தை நிலைநாட்ட வேண்டும். இதனால் அங்கே வழிபாடு நின்றுபோகவில்லை.

என் சிறுவயது ஆலயத்தில் பீடத்துக்கு முன் ஒரு மரக் கிராதி இருந்தது. தலைமுறை தலைமுறையாகக் கைபட்டு மேல்விளிம்பு வழவழவென்றிருக்கும். ஓரிடத்தில் என் உள்ளங்கை பொருந்துமளவுக்குத் தேய்ந்திருந்தது. புதுப்பிப்பு என்று சொல்லி ஒரே வாரத்தில் அதை அறுத்தெடுத்தார்கள். அந்தத் துண்டுகள் சாரத்துக்கு முட்டுக்கட்டையாகக் கிடந்ததைப் பார்த்தேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கேட்டாக வேண்டும் என்று யாரும் அவர்களிடம் சொல்லவுமில்லை.

"சிறிய பங்குகள் பராமரிப்புப் பணத்துக்கு எங்கே போகும்?" என்பது நியாயமான கேள்வி. சட்டம் போடுபவர்கள் நிதியும் தர வேண்டும். ஆனால் அந்தக் கிராதி இருந்த இடத்திலேயே இருக்க ஒரு காசும் தேவைப்படவில்லை. முழங்கால் தேய்ந்துபோன என் அம்மா, நற்கருணை வாங்கி எழும்போது இன்றும் பிடிமானத்துக்கு அந்தப் பக்கமே கையை நீட்டுகிறார்.